குரலில் ஏற வேண்டிய மரியாதை

1970களில் பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில், ஊழியர் உணவகத்தில் ஒரு பிணக்கு மூண்டது. பரிமாறும் வேலையில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வேண்டாவெறுப்பாக நடந்துகொள்கிறார்கள் என்று சரக்கு கையாளும் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் குறைபட்டார்கள். அந்தப் பெண்களுக்கோ, ஒழுங்காக வேலை பார்த்தும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்ற வருத்தம். அமெரிக்க மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் இதை ஆராய்ந்தார். கவுண்டரில் பேச்சே அதிகம் இல்லை. இறைச்சி வாங்கியவரிடம் அதன் மேல் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்பதற்கு, ஆங்கிலேயப் பெண்கள் ‘கிரேவி’ என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஆசியப் பெண்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் ஆங்கிலேயப் பெண்களின் குரல் சொல்லின் முடிவில் ஏறியது. இவர்கள் குரல் இறங்கியது. ஏறிய குரல் ‘வேண்டுமா?’ என்று கேட்டது. இறங்கிய குரல் ‘இது கிரேவி, அவ்வளவுதான்’ என்று அறிவித்தது போல எதிரே நின்றவர் காதில் விழுந்தது.

இந்தப் பேச்சின் ஒலிப்பதிவை இரு தரப்பும் கேட்டுப் பேசிய பிறகே விஷயம் விளங்கியது. மேற்பார்வையாளர்கள் திமிர் என்று எண்ணியது, அந்தப் பெண்களின் தாய்மொழியில் சாதாரணமாகக் கேட்கும் தொனி. கம்பர்ஸ் தம் ‘டிஸ்கோர்ஸ் ஸ்ட்ராட்டஜிஸ்’ நூலில் (1982) இதை எழுதினார். அதற்கு முன்பே, 1979இல், அவர் பங்களித்த ‘கிராஸ்டாக்’ என்ற பிபிசி நிகழ்ச்சி இத்தகைய மனத்தாங்கல்களைப் பொதுமக்கள் முன் வைத்திருந்தது.

அந்த ஒற்றைச் சொல்லில் இலக்கணப் பிழைக்கு இடமில்லை. எழுத்தொலியிலும் குறை சொல்ல ஏதுமில்லை. பணிவுக்கென்று மனப்பாடம் செய்யும் ‘ப்ளீஸ்’, ‘தேங்க்யூ’ எதையும் ஆங்கிலேயப் பெண்களும் சேர்க்கவில்லை. மரியாதை முழுவதும் குரலில் இருந்தது. நம் ஊர் ஆங்கில வகுப்புகள் உச்சரிப்பை ஒரு பாடமாகவும் பணிவான பேச்சை வேறொரு பாடமாகவும் நடத்துகின்றன. ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே பாடம் என்பதும், தமிழர் அதைக் கற்பதற்கான கருவிகள் தமிழிலேயே இருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விகுதி செய்யும் மூன்று வேலைகள்

தமிழ்ப் பேச்சில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘வா’ என்பதும் ‘வாங்க’ என்பதும் ஒரே ஏவல்தான். இரண்டாவதில் ஏறிய விகுதி எதிரே நிற்பவரை உயர்த்திவிடுகிறது. கொங்கு வட்டாரத்தில் இந்த ‘ங்க’ வினையைத் தாண்டி எதன் மேலும் ஏறும்: ‘சரிங்க’, ‘இல்லைங்க’, ‘எப்பங்க’, ‘நானுங்க’. யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று இன்னொரு படி உண்டு. இதற்கு மேல் ‘அண்ணே’, ‘அக்கா’, ‘ஐயா’, ‘அம்மா’ என்ற விளிகள். இத்தனை இருப்பதால் தமிழர் ஏவல் வினைக்கு அஞ்சுவதில்லை. ‘உட்காருங்க’, ‘சாப்பிடுங்க’, ‘இங்க வாங்க’ எல்லாம் ஏவல்களே. எதுவும் கட்டளையாக ஒலிப்பதில்லை.

கேள்வியும் அப்படித்தான். ‘வேணும்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் ‘வேணுமா’. குரல் ஏறாவிட்டாலும் கேள்வி கேள்விதான். அழுத்திச் சொல்வதற்கும் நம்மிடம் இடைச்சொல் உண்டு. ‘நேத்துதான் வந்தேன்’, ‘நான்தான் சொன்னேன்’, ‘அவனே சொன்னான்’, ‘நீங்களாவது சொல்லுங்க’ என்று எந்தச் சொல்லை உயர்த்த வேண்டுமோ அதன் மேல் ‘தான்’, ‘ஏ’, ‘ஆவது’ ஆகியவற்றுள் ஒன்றை ஏற்றினால் போதும்.

மரியாதை, கேள்வி, அழுத்தம் ஆகிய மூன்று வேலைகளையும் தமிழில் விகுதியும் இடைச்சொல்லும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் ‘நீ’யும் ‘நீங்களும்’ ஒரே ‘யூ’; வினையில் மரியாதை விகுதி கிடையாது; ‘தான்’ போல எங்கும் ஒட்டிக்கொள்ளும் இடைச்சொல்லும் இல்லை. அந்த மூன்று வேலைகளையும் அது வாக்கியத்தின் அமைப்புக்கும் குரலுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

தமிழர் பேசும் ஆங்கிலத்தைக் கூர்ந்து கேட்டால், காணாமல்போன இந்த விகுதிகளைத் தேடும் முயற்சி தெரியும். ‘நேத்துதான் வந்தேன்’ என்பது ‘ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி’ ஆகிறது. ‘தான்’ ஏற வேண்டிய இடத்தில் ‘ஒன்லி’ ஏறிவிடுகிறது. ‘சரிங்க, வரேங்க’ என்பது ‘ஓகே சார், கமிங் சார்’ ஆகிறது. ‘ங்க’வின் நாற்காலியில் ‘சார்’ அமர்கிறது. ‘டுமாரோ லீவா?’ என்பதில் ‘ஆ’வே நேராக ஆங்கிலச் சொல்லின் தலையில் ஏறிவிடுகிறது. இவற்றை அறியாமை என்று தள்ளுவது தவறு. இந்தியர் தமக்குள் பேசும் ஆங்கிலத்தில் இவை நன்றாகவே புரிகின்றன. அந்த ஆங்கிலத்துக்கென்று ஒரு மரபு உண்டு என்பதை பிரஜ் கச்ரு போன்ற அறிஞர்கள் நிலைநாட்டியிருக்கிறார்கள். சிக்கல், இந்த மரபை அறியாத ஒருவர் எதிரே இருக்கும்போதுதான். ‘சார்’ என்று பத்துமுறை சொன்ன பிறகும் வாக்கியமும் குரலும் கட்டளை போலவே இருந்தால், அவர் காதில் விழுவது கட்டளை மட்டுமே.

ஆங்கிலம் மரியாதையை வைத்திருக்கும் இடம்

உலக மொழிகள் பணிவை எப்படிக் கையாளுகின்றன என்பதற்கு இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் கோட்பாடு, பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கியது. அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்ட 3 மொழிகளில் ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும் இரண்டு. மூன்றாவது தமிழ். லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கிக் களஆய்வு செய்தவர். 1977இல் பெர்க்லியில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும் தமிழ்க் கிராமம் ஒன்றின் பேச்சைப் பற்றியதே. ஆங்கிலப் பணிவை விளக்கும் கோட்பாட்டுக்குத் தமிழ்ப் பேச்சு அடித்தளக்கல்லாக இருந்திருக்கிறது என்பது தமிழ் வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

கோட்பாட்டின் சாரம் எளிது. மனிதர் ஒவ்வொருவருக்கும் இரண்டு விருப்பங்கள் உண்டு. ஒன்று, பிறர் தம்மை மதித்து ஏற்க வேண்டும். மற்றது, தம் போக்கில் யாரும் குறுக்கிடக் கூடாது. யாரிடமாவது ஏதாவது கேட்கும்போது இரண்டாவது விருப்பத்தில் கைவைக்கிறோம். அந்த உறுத்தலைக் குறைக்கும் வழிகளே பணிவு. பிரிட்டிஷ் ஆங்கிலம் இதில் பெரிதும் நம்பியிருப்பது, எதிரே இருப்பவர் மறுப்பதற்கு வழி விட்டுக் கேட்பதை.

அதனால்தான் அங்கே வேண்டுகோள் கேள்வியின் உடையில் வருகிறது: ‘குட் யூ ஓப்பன் த விண்டோ?’ ‘கேன்’ என்பதைவிட ‘குட்’ மென்மையானது. ‘ஐ வான்ட் டு ஆஸ்க்’ என்பதைவிட ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ மென்மையானது. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ அதைவிடவும். இவை எல்லாம் வடிவத்தில் இறந்தகாலம். கேட்பது இந்த நிமிடத்துக்காகத்தான். ஆனால் இறந்தகால வடிவம் வேண்டுகோளை இந்த நிமிடத்தின் நெருக்கடியிலிருந்து சற்று விலக்கி வைக்கிறது. ‘அப்படி ஓர் எண்ணம் இருந்தது, முடியாதென்றால் பாதகமில்லை’ என்ற இடைவெளி அதில் கிடைக்கிறது. காலவடிவங்களை அட்டவணையாக மட்டும் படித்த மாணவருக்கு, இறந்தகாலம் மரியாதையின் கருவியும்கூட என்பது எங்கும் சொல்லப்படுவதில்லை.

‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. அது ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறது. திறக்கச் சம்மதம் என்றால் பதில் ‘நோ, நாட் அட் ஆல்’. உதவும் எண்ணத்தோடு ‘யெஸ்’ என்று சொல்லும் மாணவர், எழுத்துப்படி பார்த்தால் மறுத்துவிடுகிறார்.

‘ப்ளீஸ்’ என்ற சொல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே பரவலாக உள்ளது. ‘ப்ளீஸ் செண்ட் த ஃபைல் இம்மீடியட்லி’ என்பது பிரிட்டிஷ் அலுவலகத்தில் ‘ப்ளீஸ்’ ஒட்டிய கட்டளையாகவே படிக்கப்படும். ஏவல் வடிவம் ஏவலாகவே நிற்க, மேலே ஒரு சொல் மட்டும் சேர்ந்திருக்கிறது. அந்த வாக்கியத்தின் கட்டுமானமே மாற வேண்டும்.

நேராக எடுத்துப்போனால்

தொலைபேசியை எடுத்ததும் ‘சொல்லுங்க’ என்கிறோம். இதைவிட இதமான தொடக்கம் தமிழில் இல்லை. ‘உங்கள் பேச்சைக் கேட்கத் தயாராக இருக்கிறேன்’ என்ற பொருள் முழுவதும் அந்த விகுதியில் இருக்கிறது. அதையே ‘டெல் மீ’ என்று சொன்னால் விகுதி உதிர்ந்து, ‘சொல்லு’ மட்டும் மிஞ்சுகிறது. கடைக்கு வந்தவரிடம் ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்பது உபசாரம். ‘வாட் டு யூ வான்ட்?’ என்பது வந்தவரை விரட்டும் குரல். ‘வேணாங்க’ என்பது ‘ஐ டோன்ட் வான்ட்’ ஆகும்போது, காப்பி கொடுக்க வந்தவர் கை சுருங்கிப்போகும். ‘நாளைக்கு வாங்க’ என்பது ‘யூ கம் டுமாரோ’ ஆகும்போது அழைப்பு உத்தரவாகிறது. ‘ஒரு சந்தேகம்’ என்று வகுப்பில் கைதூக்கும் மாணவர் பணிவோடுதான் எழுகிறார். அதே பணிவோடு பிரிட்டிஷ் பேராசிரியரிடம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால், சொன்னதை நம்பவில்லையோ என்று அவர் எண்ணக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்பதே அங்கு அதற்கு இணை.

நன்றி சொல்வதும் இப்படியே. வீட்டில் தண்ணீர் கொடுத்த அக்காவிடம் ‘நன்றி’ என்றால் ‘என்ன, அந்நியமா பேசுற?’ என்று கேட்பார். தென்னிந்தியாவில் நன்றியுணர்வு சமூக நடத்தையில் எப்படி வெளிப்படுகிறது என்று மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் தனிக் கட்டுரையே எழுதினார். நன்றியைச் செயலிலும் முகத்திலும் காட்டிப் பழகியவர், பேருந்து ஓட்டுநருக்கும் கடைச் சிப்பந்திக்கும் வாய்விட்டு நன்றி சொல்லும் ஊரில் மௌனமாக இறங்கிப்போனால், அங்கே அது நன்றிகெட்டதனமாகப் படுகிறது.

இந்த வகைப் பிழைகள் ஏன் அதிகம் காயப்படுத்துகின்றன என்பதை ஜென்னி தாமஸ் 1983இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை தெளிவாக்கியது. வேற்றுமொழிக்காரர் இலக்கணம் பிசகினால், மொழி சரியாகத் தெரியவில்லை என்று கேட்பவர் பொறுத்துக்கொள்கிறார். இலக்கணம் சுத்தமாக இருந்து பணிவு பிசகினால் அதை மொழிக்குறையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பேசியவரின் குணம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதன் விளைவு கொடுமையானது. ஆங்கிலம் நன்றாக வர வர, மன்னிப்புக்கான இடம் சுருங்குகிறது. தட்டுத்தடுமாறிப் பேசுபவருக்குக் கிடைக்கும் பரிவு, சரளமாகப் பேசும் மென்பொருள் பொறியாளருக்குக் கிடைப்பதில்லை.

எந்த ஒலி முக்கியம்

சென்னையின் கால்சென்டர் பணித்தேர்வுகளில் ‘எம்டிஐ இருக்கு’ என்று சொல்லி ஆட்களைக் கழிப்பார்கள். மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ், அதாவது தாய்மொழியின் சாயல். அந்தச் சாயலே குற்றம் என்ற எண்ணத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கனடாவில் மரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பேச்சில் வேற்றுமொழிச் சாயல் இருப்பதும் பேச்சு விளங்காமல் போவதும் வெவ்வேறு என்று காட்டியது. சாயல் பலமாக இருப்பதாகக் கேட்பவர்கள் மதிப்பிட்ட பேச்சையே, பலமுறை அவர்கள் சொல் பிசகாமல் எழுதிக்காட்டினார்கள். 2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது எந்த ஒலி பிசகினால் பேச்சு முறிகிறது, எது பிசகினாலும் கெடுதல் இல்லை என்று பிரித்து ஒரு பட்டியல் தந்தார்.

அந்தப் பட்டியலைத் தமிழரின் நாவோடு ஒப்பிட்டால் ஆறுதலும் உண்டு, வேலையும் உண்டு. ‘திங்க்’, ‘தேங்க்’ ஆகியவற்றின் முதலொலியை ஆங்கிலேயர் பல்லிடுக்கில் காற்றை உரசிச் சொல்கிறார்கள். நாம் தகரமாகச் சொல்கிறோம். இதனால் கெடுதல் ஏதுமில்லை. குறில் நெடில் வேறுபாடு ஆங்கிலத்தில் காக்கப்பட வேண்டிய ஒன்று. மாத்திரை பிசகாமல் பேசிப் பழகிய தமிழருக்கு ‘ஷிப்’ வேறு, ‘ஷீப்’ வேறு என்பது தானே வரும்.

ஆங்கில டகரத்தில் இரண்டு தமிழ்நிலங்கள் வேறுபடுகின்றன. அந்த ஒலி மேற்பல்லின் ஈற்றில் நுனிநா பட்டுப் பிறப்பது. தமிழ்நாட்டில் நாவை மடித்து ‘ட்’ என்கிறோம், ‘இன்டர்நெட்’ என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் ‘இன்ரர்நெற்’, ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் பேச்சில் ‘ற்ற’ இன்னும் ஈற்றில் நுனிநா பட்டே ஒலிக்கிறது; ஆங்கில ஒலியின் உறவை அவர்கள் காது அந்த எழுத்தில் கண்டுகொண்டது. தமிழ்நாட்டு மாணவர் ஆங்கில டகரத்தைக் கற்க வெளிநாட்டு ஒலிப்பதிவு தேவையில்லை. யாழ்ப்பாணத்தவர் ‘வெற்றி’ என்று சொல்வதைக் கேட்டால் போதும்.

வேலை வேறு இடங்களில் இருக்கிறது. தமிழில் ‘பேக்’ என்று எழுதினால் அது மூட்டைகட்டுவதா முதுகா என்று தெரியாது. ஆங்கிலேயர் மூட்டைகட்டும் ‘பேக்’கைச் சொல்லும்போது முதலெழுத்தோடு ஒரு மூச்சு வெடித்து வருகிறது; முதுகைச் சொல்லும்போது வருவதில்லை. அவர்கள் காது அந்த மூச்சை வைத்தே இரண்டையும் பிரிக்கிறது. நாம் மூச்சில்லாமல் சொல்வதால் முன்னது பின்னதாகக் கேட்கிறது. உதட்டுக்கு முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்து, சொல்லும்போது தாள் அசைகிறதா என்று பார்ப்பது பழைய வகுப்பறைப் பயிற்சி. இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொன்று, மெல்லினத்தின் பின் வரும் வல்லினம். தங்கம், பந்து, வண்டி, அம்பு எதிலும் வல்லினம் அதிர்ந்தே ஒலிக்கும். அந்தப் பழக்கத்தில் ‘அங்கிள்’, ‘பேங்க்’, ‘டெம்பிள்’, ‘சிம்பிள்’ ஆகியவற்றையும் அதிர வைத்துவிடுகிறோம். நினைப்பதைக் குறிக்கும் ‘திங்க்’ பொருளைக் குறிக்கும் ‘திங்’ ஆவது இப்படித்தான். சொல்லிறுதியும் அப்படியே. தொல்காப்பியம் சொல்லின் இறுதியில் வரலாம் என்று காட்டும் மெய்கள் 11. அவற்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. எனவே ‘கப்’ கப்பு ஆகிறது, ‘பஸ்’ பஸ்ஸு ஆகிறது. ‘எம்’ என்பது ‘யெம்’ ஆவதும் ‘ஒன்லி’ என்பது ‘வொன்லி’ ஆவதும் இது போன்ற ஒலிமரபுகளின் தொடர்ச்சி. காரணம் தெரிந்த மாணவர் வெட்கப்படாமல் திருத்திக்கொள்வார்.

அழுத்தமும் குற்றியலுகரமும்

தனி ஒலிகளைவிடப் பேச்சை அதிகம் குலைப்பது அழுத்தம். ஹைதராபாத்தில் இயங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சல் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு விளங்குகிறது என்பதை எடுத்துக்கொண்டது. சொல்லில் அழுத்தம் தவறிய இடத்தில் விழுவது விளங்காமைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று அது கண்டது. ‘ஹோட்டல்’, ‘டெவலப்’, ‘ஈவன்ட்’ ஆகியவற்றில் நாம் முதலசையை உயர்த்துகிறோம். ஆங்கிலேயர் இரண்டாமசையை உயர்த்துகிறார்கள். ‘ரெக்கார்ட்’ என்பதில் முதலசை உயர்ந்தால் பெயர்ச்சொல், இரண்டாமசை உயர்ந்தால் வினை. ‘ஃபோட்டோகிராஃப்’ முதலசையில் எழும், ‘ஃபோட்டோகிராஃபர்’ இரண்டாமசையில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாமசையில்.

ஆங்கிலத்தில் அழுத்தங்கள் சம இடைவெளியில் விழுகின்றன என்ற கருத்து, கென்னத் பைக் 1945இல் எழுதியதிலிருந்து பரவியது. பிற்காலத்தில் கருவிகளால் அளந்தபோது அந்தச் சமன் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று உறுதியானது: அழுத்தம் பெறாத அசைகளின் உயிர் ஆங்கிலத்தில் மெலிந்து, மங்கிய ஒரு குற்றொலியாகச் சுருங்குகிறது. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். ஆங்கில எழுத்து வரிசையில் அதற்கென்று ஓர் எழுத்துகூடக் கிடையாது. எனவே எழுத்தைப் பார்த்துப் படிக்கும் மாணவர் அதைச் சந்திப்பதே இல்லை.

உயிர் குறுகி ஒலிப்பது தமிழருக்குப் புதிதன்று. ‘நாடு’, ‘காது’, ‘பட்டு’ ஆகியவற்றின் இறுதி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும் என்று தமிழிலக்கணம் வகுத்திருக்கிறது. ‘பசு’வின் இறுதியையும் ‘பட்டு’வின் இறுதியையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால், முன்னதில் உதடு குவிவதும் பின்னதில் குவியாமல் தளர்வதும் தெரியும். ஆங்கிலக் குற்றொலியும் இதுவும் தன்மையில் ஒன்றல்ல. ஆனால் உயிரைச் சுருக்கி, நாவையும் உதட்டையும் தளரவிடும் பழக்கம் ஒன்றே. ‘அபவுட்’டின் முதலசையையும் ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதன் முதலசையையும் இறுதியசையையும் குற்றியலுகரத்தைப் போலத் தளரவிடச் சொன்னால், எட்டாம் வகுப்பு மாணவருக்கும் பிடிபடும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும், இந்தப் பாலத்தை யாரும் போடுவதில்லை.

மெலியவிடுவது பணிவோடும் தொடர்புடையது. ‘குட் யூ செண்ட் இட் டுடே?’ என்பதில் ‘செண்ட்’டும் ‘டுடே’யும் எழுந்து, ‘குட் யூ’ மெலிந்து ஓடிவிட்டால் அது வேண்டுகோள். எல்லாச் சொல்லையும் சம வலுவோடு, தெளிவுக்காகத் தட்டித் தட்டிச் சொன்னால், பொறுமை இழந்தவர் பேச்சாக ஒலிக்கிறது. ‘யூ’ மட்டும் உயர்ந்துவிட்டால் ‘நீயாவது அனுப்புவாயா?’ என்று பொருள் திரும்பிவிடுகிறது. மரியாதைக்காகத் தெளிவாகப் பேசும் தமிழர், தெளிவுக்காகவே எல்லா அசையையும் அழுத்தி, மரியாதையை இழக்கிறார்.

ஏறும் குரல், இறங்கும் குரல்

‘யெஸ்’ என்ற சொல்லை இறக்கிச் சொன்னால் சம்மதம். ஏற்றிச் சொன்னால் ‘என்ன வேண்டும், சொல்லுங்கள்’. இறக்கி மீண்டும் ஏற்றினால் ‘சரிதான், ஆனால்...’ என்ற தயக்கம். ‘சாரி’யை ஏற்றினால் ‘மறுபடி சொல்லுங்கள்’, இறக்கினால் வருத்தம். மறுப்பு, திருத்தம், தயக்கம் ஆகியவற்றை ஆங்கிலேயர் பெரும்பாலும் இறங்கி ஏறும் தொனியில் வைக்கிறார்கள். நேராக இறங்கும் தொனி அங்கே கதவை மூடுவது போன்றது. ‘ஐ டோன்ட் திங்க் ஸோ’ என்பதைச் சட்டென்று இறக்கினால், உரையாடல் அங்கேயே நின்றுவிடும்.

இதுவும் தமிழருக்கு அந்நியமான கலை அன்று. ‘ம்’ என்ற ஒற்றை ஒலியை எத்தனை விதமாகச் சொல்கிறோம்! கதை கேட்கும் ‘ம்’ வேறு; ‘என்ன சொன்னே?’ என்று கேட்கும் ‘ம்’ வேறு. ‘சரி’ என்று வெட்டிச் சொல்வதற்கும் ‘சரீ...’ என்று இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் சம்மதமும் சம்மதமின்மையும் அடங்கிவிடுகின்றன. பயிற்சியை இங்கிருந்தே தொடங்கலாம். முதலில் தமிழ் ‘சரி’யை நான்கு விதமாகச் சொல்லிப் பதிவுசெய்து கேட்பது, பிறகு அதே தொனிகளை ‘யெஸ்’, ‘ஓகே’, ‘ரியலி’ ஆகியவற்றில் ஏற்றுவது. தன் குரலைத் தானே கேட்கும் காது முதலில் திறக்க வேண்டும். கம்பர்ஸின் உணவகத்தில் ஒலிப்பதிவு செய்த வேலையும் அதுதான்.

வாக்கிய அமைப்புக்கும் இதே முறை பொருந்தும். மறைமுகமாகக் கேட்பது ஆங்கிலேயர் கண்டுபிடித்த நாகரிகம் என்பது போன்ற தொனியில் பல வழிகாட்டி நூல்கள் பேசுகின்றன. ‘ஒரு நூறு ரூபா இருக்குமா?’ என்று கடன் கேட்பவர் இருப்பைப் பற்றித்தான் கேட்கிறார். இல்லை என்று சொல்ல எதிரே இருப்பவருக்கு இடம் விடுகிறார். ‘கொஞ்சம் தள்ளி உட்காருறீங்களா?’ என்பதில் ‘கொஞ்சம்’ தூரத்தைக் குறிப்பதைவிட, கேட்கும் உதவியைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. ‘உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்’, ‘சொல்லணும்னு இருந்தேன்’ என்று நாமும் இறந்தகாலத்தில்தான் தயங்கி நிற்கிறோம். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்பதை விளக்க ‘கேக்கலாம்னு வந்தேன்’ என்பதைவிடச் சிறந்த உரை கிடையாது. ‘வாங்க’வை ‘கம்’ என்று பெயர்ப்பதற்குப் பதிலாக, ‘வர முடியுங்களா?’ என்று தமிழிலேயே மறைமுகமாக்கிக்கொண்டு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், ‘குட் யூ’ இயல்பாக வந்து நிற்கும்.

கேட்பவர் கடமை

இத்தனையும் கற்பவர் தோளிலேயே ஏற்றுவது நியாயமாகாது. 1992இல் டொனால்ட் ரூபின் வெளியிட்ட ஆய்வு, கேட்பவரின் பங்கை வெளிச்சமாக்கியது. அமெரிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் விரிவுரைப் பதிவு மாணவர்களுக்குக் கேட்க வைக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு வெள்ளையர் ஒருவரின் படம் காட்டப்பட்டது, மற்றொன்றுக்கு ஆசியர் ஒருவரின் படம். குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் வேற்றுநாட்டு உச்சரிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். விரிவுரையில் அவர்கள் கிரகித்ததும் குறைவாக இருந்தது. காதுக்கு முன்பே கண் முடிவுசெய்துவிடும் இடத்தில், எவ்வளவு திருத்திய உச்சரிப்பும் முழுப் பயன் தராது. தமிழ்ச் சாயலை அழித்துவிட்டால் மதிப்பு வந்துவிடும் என்று இளைஞர்களிடம் ஆசைகாட்டுவது இதனால் பெரும் ஏமாற்று.

நியாயமான குறிக்கோள் இரண்டு: பேசுவது விளங்க வேண்டும், மனத்தில் இருக்கும் மரியாதை கேட்பவரைச் சென்றடைய வேண்டும். பெரிய ஆங்கிலத் திறன் தேர்வுகளே இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் 4 அளவுகோல்களில் உச்சரிப்பு ஒன்று. அதில் விளங்குதிறனுக்கே முதலிடம். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்லும் செவிலியர்கள் எழுதும் ஓஇடி தேர்வு 2018 முதல், நோயாளியோடு உறவை ஏற்படுத்துவதையும் அவர் பார்வையைப் புரிந்துகொள்வதையும் தனியாக மதிப்பிடுகிறது. ‘லை டவுன்’ என்று சொல்லும் செவிலியரும், ‘குட் யூ லை டவுன் ஃபார் மீ?’ என்று கடைசிச் சொல்லில் குரலை ஏற்றிச் சொல்லும் செவிலியரும் ஒரே அளவு அன்புடையவர்களாக இருக்கலாம். வலியோடு படுத்திருப்பவருக்கு இரண்டாமவரின் அன்பு மட்டுமே கேட்கிறது.

நம் பள்ளிகளில் ஆங்கில மதிப்பெண் பெரும்பாலும் எழுத்துத் தேர்வுக்கே போகிறது. அதனால் குரல் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு இதில் இழப்பு அதிகம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் வீட்டிலும் பயணத்திலும் காதால் பெறும் இந்தப் பாடம், மற்றவர்களுக்கு வகுப்பறை தராவிட்டால் வேறெங்கும் கிடைக்காது. செலவு பிடிக்கும் மொழிக்கூடமும் இதற்குத் தேவையில்லை. ஒரு கைப்பேசியின் ஒலிப்பதிவு, குற்றியலுகரத்தை விளக்கத் தெரிந்த தமிழாசிரியர், தமிழைக் குற்றமாகப் பார்க்காத ஆங்கில ஆசிரியர் ஆகிய மூன்றும் போதும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் இந்த இரு ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ‘வாங்க’வின் ‘ங்க’ ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்தில், எந்த அசையில், குரலின் எந்த ஏற்றத்தில் போய் அமர்கிறது என்று சேர்ந்து பாடம் எழுதச் சொல்ல வேண்டும். மரியாதை தெரிந்து வளர்ந்த பிள்ளைகள் மரியாதையற்றவர்கள் என்று பெயர் வாங்குவதைத் தடுக்க, இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை அது.